முதல் ஓட்டை யாருடையது?

எட்டாம் அத்தியாயம்

ஒரு மனிதன் நாளைக்கு ஜெயிலுக்குப் போவானா, வீட்டுக்குப் போவானா என்பதை ஒரு சாண் நீள அட்டைத் துண்டுதான் சொல்ல வேண்டும். அந்த அட்டை சந்திரமதியின் கைப்பையில், பவுடர் டப்பாவுக்கும் பாதி தின்ற கச்சாங் கடலைப் பொட்டலத்துக்கும் நடுவில் கிடந்தது.

“ஆறு மணிக்குள்ள திருப்பிக் குடுக்கணும்னு இன்ஸ்பெக்டர் சொல்லியிருக்காரு சார்,” என்றாள் அவள். “இப்ப மணி ரெண்டு. உங்க ஆஸ்டின் கிளம்பவே மூணாயிடும்.”

“கிளம்பிடும். நீ கொஞ்சம் தள்ளு.”

“துப்பறியிற வேலைன்னுதான் சேர்ந்தேன். காரு தள்ளுற வேலைன்னு யாரும் சொல்லலை.”

சொல்லிக்கொண்டேதான் தள்ளினாள். கார் இரண்டு முறை இருமிவிட்டுக் கிளம்பியது. அவள் ஓடிவந்து ஏறிக்கொண்டாள்.

துப்பறியும் சொக்கப்பனுக்கு ஐம்பத்திரண்டு வயது. மூன்று தலைமுறையாக மலாக்காவில் இருக்கும் செட்டிநாட்டுக் குடும்பம். குடும்பத் தொழிலை விட்டுவிட்டு ஊரார் ரகசியத்தில் மூக்கை நுழைக்கப் போனவர் என்று சொந்தக்காரர்கள் கல்யாண வீடுகளில் அவரைக் கடைசிப் பந்தியில்தான் உட்கார வைப்பார்கள். சந்திரமதிக்கு முப்பத்திரண்டு. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தவள். அடுத்தவர் பேச்சை ஒட்டுக்கேட்டாள் என்று வேலையை விட்டு எடுத்தார்கள். மறுநாளே அதே காரணத்துக்காகச் சொக்கப்பன் அவளை வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்.

கேஸ் இதுதான். காஜா பெராங்கில் பொன்னுதுரை என்பவர் கட்டடப் படம் வரையும் பட்டறை வைத்திருந்தார். முதலில் கட்டடத்துக்கு மரத்தில் சின்ன மாதிரி செய்வார்கள். பிறகு அதைச் சின்னப் படமாக எடுத்து, பெரிய காகிதத்தில் பெருக்கி வரைவார்கள். பெருக்குவதற்கு ஒரு கருவி உண்டு. நான்கு மரச்சட்டங்களை ஒன்றோடொன்று பூட்டி, ஒரு முனையில் ஊசியும் மறுமுனையில் பென்சிலும் வைத்திருக்கும். ஊசியைச் சின்னப் படத்தின்மேல் நகர்த்தினால் பென்சில் அதையே பெரிதாக வரைந்துகொண்டு போகும். காலைப் பரப்பி நிற்பதால் பட்டறையில் அதற்கு நண்டு என்று பெயர்.

நண்டுக்கு ஒரு கெட்ட குணம். பெருக்கினால் எல்லாவற்றையும் ஒரே மாதிரி பெருக்கும். வீடு இரண்டு மடங்கானால் படிக்கட்டும் இரண்டு மடங்காகிவிடும்; ஏறுவதற்கு ஒட்டகம்தான் வரவேண்டும். ஒவ்வொரு படத்தையும் பிறகு கையால் அழித்து அழித்துத் திருத்துவார்கள். இந்தத் தலைவலிக்கு யாரோ ஒரு சின்ன ஒட்டுச் சாமான் கண்டுபிடித்துவிட்டார்கள். நண்டின் தோளில் மாட்டுகிற பித்தளைத் தலை, அதில் ஒரு முள். கூடவே ஓட்டை போட்ட அட்டைகள். அட்டையைச் செருகினால் முள் ஓட்டையில் இறங்கி, நண்டை அந்த இடத்தில் பிடித்துக்கொள்ளும். சுவருக்கு ஒரு ஓட்டை, கதவுக்கு ஒன்று, படிக்கு ஒன்று. எது எவ்வளவு வளரவேண்டும், எது வளரவே கூடாது என்பதை அட்டை சொல்லும், நண்டு கேட்கும். வேறு கட்டடமா? அட்டையை மாற்று, அவ்வளவுதான்.

அந்த யாரோ யார் என்பதில்தான் சண்டை. நான்தான் என்றார் பொன்னுதுரை. நான்தான் என்றான் அவரிடம் ஆறு வருஷம் வேலை பார்த்த மருதமுத்து. மெர்டேக்கா என்கிற சுதந்திர நாளுக்கு இன்னும் மூன்று வாரம். நாடு முழுக்கக் கட்டடம் எழும்பப் போகிறது. சிங்கப்பூரிலிருந்து ஒரு இன்ஜினியர் வெள்ளிக்கிழமை வந்து சாமானைப் பார்க்கிறார். கண்டுபிடித்தவனையே புதிய வரைபட ஆபீசுக்குத் தலைவனாக்கிக் கூட்டிப் போவதாகக் கடிதமும் போட்டுவிட்டார். பொன்னுதுரை மருதமுத்துவை விரட்டினார். மருதமுத்து சாமானைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான். அவர் களவுப் புகார் கொடுத்தார். போலீஸ் கட்டிலுக்கடியில் சாமானை எடுத்தது.

நாளை காலை பத்து மணிக்குக் கோர்ட். களவு என்று தீர்ப்பாகிவிட்டால் ஜெயில் மட்டுமில்லை, அவனுடைய பிரஜா உரிமை மனுவும் குப்பைக்குப் போகும். பிறகு நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏற்றிவிடுவார்கள் என்று ஊரே பேசியது. மூன்று வயதில் அம்மா இடுப்பில் உட்கார்ந்து புக்கிட் ரம்பாய் பக்கத்தில் ரப்பர் பால் எடுக்கும் கித்தா தோட்டத்துக்கு வந்தவன். நாகப்பட்டினம் எந்தத் திசை என்றுகூட அவனுக்குத் தெரியாது.

காலையில் அவன் பெண்டாட்டி பொன்னம்மா வந்திருந்தாள். வலது கையில் ஈரத்துணி சுற்றியிருந்தது. கஞ்சி கொட்டிவிட்டது என்றாள். “அவரை வெளிய கொண்டாந்துருங்க சார்” என்பதைத் தவிர வேறெதுவும் அவளிடமிருந்து வரவில்லை.

“அட்டையை எடு,” என்றார் சொக்கப்பன், காரை ஓட்டிக்கொண்டே.

சந்திரமதி அட்டையை எடுத்தாள். ஏழு ஓட்டைகள். ஆறு சின்னவை. உச்சியில் இருந்த முதல் ஓட்டை மட்டும் கொஞ்சம் பெரியது.

“பித்தளை முள்ளு ஆறுல இறங்குது,” என்றார் அவர். “ முதல் ஓட்டைக்கு அது எட்டவே எட்டாது. காலையில ஸ்டேஷன்ல வெச்சுப் பார்த்துட்டேன். அப்ப அது எதுக்கு? செஞ்சவனுக்குத்தான் தெரியும். ரெண்டு பேரையும் கேப்போம். சரியாச் சொல்றவன் ஜெயிச்சான்.”

“இவ்வளவு சுளுவா சார்?”

“கேள்வி சுளுவு. பதில்தான் எப்படியோ.”

பொன்னுதுரை யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை, பையில் மூன்று பென்சில். சொக்கப்பனுக்கு நாற்காலி காட்டினார். சந்திரமதிக்குக் காட்டவில்லை. அவள் வாயைத் திறந்து வணக்கம் சொன்ன விதத்திலேயே அவள் எந்தத் தோட்டத்துக் கூலி லயத்திலிருந்து வந்தவள் என்று எடை போட்டுவிட்டார். அவள் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு அவருடைய சொந்த நாற்காலியிலேயே போய் உட்கார்ந்துகொண்டாள்.

“அவன் என்ர பட்டறையைக் கூட்ட வந்தவன்,” என்றார் பொன்னுதுரை, நின்றுகொண்டே. “பிறகு பாவம் பாத்து பென்சில் சீவ விட்டனான். ஆறு வருஷமா உந்த மேசைக்குக் கீழ கூட்டினவன். மேசைக்கு மேல என்ன நடந்ததெண்டு அவனுக்கு என்ன தெரியும்?”

“சரிதான். இந்த முதல் ஓட்டை எதுக்குங்க?”

“உதுவோ?” பொன்னுதுரை அட்டையைத் தொடக்கூட இல்லை. “உது பூச்சியம். கணக்குப் படிச்சவனுக்குத்தான் விளங்கும். எந்த அளவும் பூச்சியத்திலயிருந்துதானே தொடங்கவேணும்? முள்ளு முதல்ல அதில இறங்கி நிக்கும். பிறகுதான் மற்றதுகள்.”

“கட்டாயம் இறங்குமா?”

“கட்டாயம். நான் செய்த சாமான் எனக்குத் தெரியாதோ?”

சொக்கப்பன் அட்டையை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார். “முள்ளு இறங்கி ஏறின இடத்துல பித்தளை உரசி மஞ்சளா ஒட்டியிருக்கு. ஆறு ஓட்டையிலயும் இருக்கு. உங்க பூச்சியத்துல மட்டும் ஒண்ணுமே இல்லையே?”

பொன்னுதுரையின் காது சிவந்தது. அவர் ஒரு முறை அட்டையைப் பார்த்தார், ஒரு முறை கதவைப் பார்த்தார்.

“போங்கோ வெளியில! தோட்டத்துக் கூலிக்கு வக்காலத்து வாங்க வந்திட்டினம். அவனைக் கப்பலில ஏத்திப்போட்டுத்தான் நான் நித்திரை கொள்ளுவன். விளங்குதோ?”

“விளங்குது ஐயா,” என்று சந்திரமதி நாற்காலியை விட்டு எழுந்தாள். “மேசைக்குக் கீழ நிறைய குப்பை சேர்ந்திருக்கு. அவரு போனதிலிருந்து யாரும் கூட்டலை போல.”

காருக்கு வந்ததும் அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பொன்னுதுரை மாதிரி மனிதர்கள் அவள் அப்பாவை எத்தனை முறை வாசலிலேயே நிற்க வைத்திருக்கிறார்கள்! தோட்டத்தில் வளர்ந்த ஒருவன் இந்த ஆளைத் தலைகுனிய வைக்கப் போகிறான் என்ற எண்ணமே அவளுக்குத் தித்தித்தது. இந்த முறை காரை அவர் கேட்காமலேயே தள்ளினாள்.

மருதமுத்து லாக்கப்பிலும் தலையைத் தண்ணீர் தொட்டு வாரியிருந்தான். அழகன். முப்பது வயதிருக்கும். கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று சொக்கப்பன் அட்டையைக் காட்டினார்.

“முதல் ஓட்டை எதுக்குப்பா?”

மருதமுத்து அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“அது சாமிக்கு விட்டது சார். எழுத ஆரம்பிக்கும்போது பிள்ளையார் சுழி போடுவோமில்ல, அந்த மாதிரி. முதல் ஓட்டை பிள்ளையாருக்கு. அதுல வேலை ஒண்ணும் கிடையாது. ஜாலான் துக்காங் எமாஸ் பிள்ளையார் கோயில்ல வேண்டிக்கிட்டுத்தான் இதையே ஆரம்பிச்சேன்.”

சந்திரமதிக்குக் கண்ணே கலங்கிவிட்டது. வேலை இல்லாத ஓட்டை! முள் எட்டாததற்கு இதைவிட நல்ல காரணம் என்ன வேண்டும்? அவள் சொக்கப்பனைப் பார்த்தாள். அவர் முகத்தில் ஒன்றும் இல்லை.

“உங்க வீட்டம்மா காலையில வந்தாங்க,” என்றாள் அவள். “கஞ்சி கொட்டி கை நல்லா வெந்து போயிருக்கு. டாக்டர்கிட்ட காட்டச் சொன்னோம்.”

“எந்தக் கஞ்சி?” என்றான் மருதமுத்து. உடனே தலையை ஆட்டினான். “ஓ, ஆமா. கஞ்சி. அவளுக்கு எப்பவுமே கவனம் போதாது. அதை விடுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள நான் வெளிய வந்துருவேன்ல? இன்ஜினியர் வந்துட்டுத் திரும்பிப் போயிடக்கூடாது லா.”

வெளியே வந்ததும் சந்திரமதி பொரிந்தாள். “ஜெயிச்சாச்சு! இன்னும் என்ன சார் மூஞ்சியை இப்படி வெச்சிருக்கீங்க?”

“ஓட்டையோட மேல் விளிம்பைப் பாரு. பழுப்பா என்ன?”

“டீக் கறை.”

“டீ சிந்தினா சுத்தி வட்டமா படும். இது மேல் பக்கம் மட்டும் பட்டிருக்கு. டீ இல்ல, துரு.” அவர் காரின் கதவைத் திறந்தார். “பிள்ளையாருக்குத் துருப் பிடிக்குமா சந்திரமதி?”

சந்திரமதிக்குத் தெரியாமல் இல்லை. அட்டையை எந்தத் தொழில்காரர்கள் உச்சியில் ஓட்டை போட்டு இரும்பாணியில் மாட்டி வைப்பார்கள் என்று மலாக்காவில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்லிவிடுவாள். அவள் அட்டையை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

“உங்களுக்கு எங்க ஆளு ஒருத்தன் ஜெயிச்சா பொறுக்காது சார்,” என்றாள் கடைசியில்.

“உங்க ஆளுதான் ஜெயிப்பாங்கன்னு நினைக்கிறேன். எந்த ஆளுங்கிறதுதான் கேள்வி.”

பொன்னம்மாவின் வீடு காஜா பெராங்கில் கடை வரிசைக்குப் பின்னால் இருந்த சந்தில் இருந்தது. பலகைச் சுவர், தகரக் கூரை, ஒரே அறை. ஜன்னலோரத்தில் தையல் மெஷின். அதன்மேல் கழுத்து மட்டும் தைத்த ரவிக்கை ஒன்று அப்படியே கிடந்தது. மண்ணெண்ணெய் விளக்குப் புகையில் சுவர் முழுவதும் கறுத்திருந்தது. மெஷினுக்கு மேலே ஒரு பெரிய இரும்பாணி. ஆணிக்குக் கீழே மட்டும் கை நீளத்துக்குச் சுவர் வெளுத்துக் கிடந்தது. அங்கே நெடுநாளாக ஏதோ கற்றையாகத் தொங்கியிருக்கிறது. இப்போது இல்லை.

சந்திரமதி அதைப் பார்த்ததைப் பொன்னம்மா பார்த்துவிட்டாள். நகர்ந்து வந்து அந்த இடத்தை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றாள்.

“ரவிக்கை அளவு அட்டையெல்லாம் எங்க பொன்னம்மா?”

“கரையான் அரிச்சிருச்சுக்கா.”

“சுவத்துல தொங்கினதையா? ஏணி போட்டு ஏறிச்சா?”

சொன்ன பிறகு சந்திரமதிக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. சொக்கப்பன் பொன்னம்மாவைச் சுற்றிப் போய், கையிலிருந்த அட்டையை ஆணியில் மாட்டினார். துருக் கறை ஆணியின்மேல் அச்சாக உட்கார்ந்தது. அட்டை நேராகத் தொங்கியது.

பொன்னம்மா மெஷின் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

“நான் சொல்லியிருக்க மாட்டேன் சார். நீங்களா கண்டுபிடிச்சீங்க. நான் சொன்னேன்னு அவர்கிட்ட சொல்லிடாதீங்க.”

“எப்படிம்மா செஞ்ச?”

“அவரு தினம் வந்து புலம்புவாரு. நண்டு எல்லாத்தையும் ஒரே மாதிரி பெருக்குதுன்னு. எனக்குச் சிரிப்பா வரும். தடிச்ச பொம்பளைக்கு ரவிக்கை வெட்டும்போது கழுத்தையும் இடுப்பையும் ஒரே மாதிரியா கூட்டுவோம்? இடுப்பு நாலு அங்குலம் கூடும், கழுத்து அரை அங்குலம் கூடினாலே அதிகம். எல்லாத்தையும் ஒரே மாதிரி கூட்டினா அது ரவிக்கையா? கோணிப்பை. உங்க வீட்டுக்கும் அப்படித்தானே, படிக்கட்டு ஏன் வளரணும்னு கேட்டேன். அட்டையை வெட்டி, தையல் குத்தூசியால ஓட்டை போட்டுக் காட்டினேன். பித்தளைக்கு அளவு நான் டேப்புல எடுத்துக் குடுத்தேன். தட்டார்கிட்ட அவரு குடுத்துச் செஞ்சாரு. ரெண்டு வருஷமாச்சு சரியா வர்றதுக்கு.” அவள் பேச்சு இப்போது வேகமாக வந்தது; யாரும் கேட்காத கதையை முதல் முறையாகச் சொல்கிறவளின் வேகம். “பேரு அவருக்கு வரட்டும்னுதான் இருந்தேன். அவரு பெரிய ஆபீசராயிட்டா நானும்தானே சிங்கப்பூருக்குப் போவேன்?”

“கை எப்படி வெந்தது?” என்றாள் சந்திரமதி.

பொன்னம்மா கையை மடியில் மறைத்தாள். “அவருக்கு அன்னிக்குக் கோவம்க்கா. பொன்னுதுரை விரட்டி விட்டுட்டாரு. வீட்டுக்கு வந்த கோவத்துல ஆணியிலிருந்து மொத்தத்தையும் அள்ளி அடுப்புல போட்டாரு. வேணும்னு செய்யலை. கோவம் வந்தா அவருக்குக் கண்ணு தெரியாது. அறுபத்திரண்டு அட்டைக்கா. அறுபத்திரண்டு பொம்பளைங்களோட அளவு. எட்டு வருஷமா ஒவ்வொண்ணா வெட்டினது. அடுப்புக்குள்ள கையை விட்டேன், ஒண்ணுகூட வரலை. இப்ப யாரு துணி குடுத்தாலும் முதல்லேயிருந்து அளவெடுக்கணும். கத்திரி பிடிக்கக் கையும் இல்ல.”

ஒரு மணி நேரத்துக்கு முன்னால் யாருக்காகச் சந்திரமதி கண்கலங்கினாளோ அவன் முகம் இப்போது அவளுக்கு அருவருப்பாக இருந்தது. ஆனால் அவள் அருவருப்புக்கு இப்போது வேலையில்லை. கேஸ் நாளைக்குக் காலையில்.

சொக்கப்பன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “பாரும்மா. பொன்னுதுரை செய்யலைன்னா அவரு புகார் நிக்காது. அவரு செய்யலைன்னு காட்ட, செஞ்சது யாருன்னு காட்டியாகணும். நீ ஸ்டேஷனுக்கு வா. இன்ஸ்பெக்டர் ரெண்டு கேள்வி கேப்பாரு. இது உன்னோடதா? ஆமான்னு சொல்லு. நீயா உன் புருஷன்கிட்ட குடுத்தியா? அதுக்கும் ஆமான்னு சொல்லு. ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவன் வீட்டுல இருப்பான்.”

“பொம்பளை செஞ்சதுன்னு வெளிய தெரிஞ்சா அவருக்கு அசிங்கமில்லையா சார்?”

“கப்பலேறுறது?”

பொன்னம்மா எழுந்து முகம் கழுவினாள். இடது கையாலேயே பொட்டு வைத்துக்கொண்டாள். புருஷனுக்கு என்று ஒரு சலவைச் சட்டையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டுதான் புறப்பட்டாள்.

ஐந்தரைக்கு அவர்கள் ஸ்டேஷனில் இருந்தார்கள். சேதுபதி இன்ஸ்பெக்டர் லேசில் நம்புகிற ஆள் இல்லை. நாற்பது கேஸ்களில் நாற்பது பெண்டாட்டிகள் வந்து அவர் மேசைமுன் அழுதிருக்கிறார்கள். பொன்னம்மா அழவில்லை என்பதே அவரை நிமிர்ந்து பார்க்க வைத்தது.

“உன்னோடதா? சரி. ஒரு அடுக்குக் கடை. அதை ரெண்டு அடுக்கு ஆக்கணும். அட்டையில எங்கெங்க ஓட்டை விழும்?”

அவர் ஒரு வெற்று அட்டையை நீட்டினார். பொன்னம்மா அதை மேசைமேல் வைத்து இடது கை நகத்தால் அழுத்தி அழுத்திக் குறி போட்டாள். “சுவத்து உயரம் இங்க. அகலம் கூடாது, அது பழைய இடத்துலேயே நிக்கும். படி ஒண்ணொண்ணும் அதே உயரம், எண்ணிக்கைதான் கூடும். கதவு வளரக்கூடாது. ஆளு வளரலையே.” பக்கத்திலிருந்த கான்ஸ்டபிள் சிரித்தார். கடைசியில் அவள் உச்சியில் ஒரு குறி போட்டாள். “இது மாட்டுறதுக்கு.”

இன்ஸ்பெக்டர் மருதமுத்து வீட்டில் கைப்பற்றிய அட்டைகளில் ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு பொன்னுதுரையின் புகார்த் தாளை எடுத்துக் குறுக்கே ஒரு கோடு போட்டார். “நாளைக்குக் காலையில இந்த மனுஷனை நானே போய்க் கூட்டிட்டு வர்றேன். பொய் ரிப்போட் குடுத்ததுக்கு. அந்த மருதமுத்துவைக் கொண்டாங்க.”

மருதமுத்து சிரித்த முகமாக வந்தான். பெண்டாட்டியைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. சொக்கப்பன் இரண்டு வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னார்.

“இவளா?” என்றான் மருதமுத்து. “இன்ஸ்பெக்டர் சார், இவ அடுப்பு ஊதுறவ. இவளுக்கு அடிக்கோலு பிடிக்கத் தெரியாது. என்னைக் காப்பாத்தணும்னு யாரோ சொல்லிக் குடுத்ததை ஒப்பிக்கிறா. நான் கப்பலேறினாலும் ஏறுவேன் சார், பொம்பளை செஞ்சதை என்னோடதுன்னு சொன்னவன்கிற பேரு மட்டும் எனக்கு வேணாம்.” அவன் பொன்னம்மா பக்கம் திரும்பினான். “ஏ புள்ள, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிட்டுப் போ.”

“குறி போட்டுக் காட்டினாப்பா,” என்றார் இன்ஸ்பெக்டர்.

“நான் செஞ்சதைப் பார்த்துப் பழகியிருப்பா. ஒண்ணே ஒண்ணு கேளுங்க சார்.” மருதமுத்துவுக்குப் பழைய சிரிப்பு திரும்பி வந்தது. “இவதான் வெட்டினவன்னா வீட்டுல இவளோட அளவு அட்டை ஒண்ணாவது இருக்கணுமில்ல? ஆளை அனுப்பிப் பாருங்க. ஒண்ணு காட்டட்டும். ஒரே ஒண்ணு.”

அந்தச் சிரிப்பைச் சந்திரமதி பார்த்தாள். பொன்னம்மாவும் பார்த்தாள். கோபத்தில் எரித்தவன் அதை நினைத்தால் கூசுவான், இல்லாவிட்டால் மறந்தே போயிருப்பான். இவன் அதை இந்த நிமிஷத்துக்காகவே பத்திரமாக வைத்திருந்தான். அன்றைக்கு வீட்டில் கோபமே இல்லை. நிதானமாக, ஒன்றுவிடாமல், சாட்சியை அழித்திருக்கிறான். அவள் அடுப்புக்குள் கையை விட்டபோது பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

பொன்னம்மா கக்கத்திலிருந்த சலவைச் சட்டையை எடுத்து மேசை ஓரத்தில் வைத்தாள்.

இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார். “சாமான் உன்னோடதுன்னு எழுதிக்கிட்டேன். இவன் என்ன சொன்னாலும் அது எனக்குத் தெளிவாயிடுச்சு. இப்ப ஒரே கேள்வி. இதை உன் புருஷன்கிட்ட நீயா குடுத்தியா? குடுத்திருந்தா களவே கிடையாது, இப்பவே கூட்டிட்டுப் போ. குடுக்கலைன்னா, யாரு சாமானா இருந்தாலும் களவு களவுதான். நாளைக்குக் கோர்ட். அதுக்கப்புறம் பிரஜா உரிமை, கப்பல், அதெல்லாம் என் கையில இல்ல. யோசிச்சுச் சொல்லும்மா.”

சொக்கப்பன் அவளைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார். சொல்லு, ஆமான்னு சொல்லு. எந்தப் பதில் வரவேண்டும் என்று தான் வேண்டிக்கொள்கிறோம் என்று சந்திரமதிக்கே அப்போது தெரிந்துவிட்டது. தெரிந்ததும் அவளுக்குத் தன்மேலேயே பயம் வந்தது.

“இல்லைங்க,” என்றாள் பொன்னம்மா.

“என்ன இல்ல?”

“நான் குடுக்கலைங்க. அவரும் கேக்கலை. எடுத்துக்கிட்டாரு.”

இன்ஸ்பெக்டரின் பேனா ஓட ஆரம்பித்தது. மருதமுத்துவுக்கு முதலில் புரியவில்லை. அவன் பொன்னம்மாவைப் பார்த்தான், பேனாவைப் பார்த்தான், சொக்கப்பனைப் பார்த்தான். புரிந்தபோது கான்ஸ்டபிள் அவன் தோளில் கை வைத்துவிட்டார்.

“பொன்னம்மா! ஏய், குடுத்தேன்னு சொல்லுடி! சார், எழுதாதீங்க சார். நான் சொன்னது பொய். இவதான் செஞ்சா. மொத்தமும் இவதான் செஞ்சா, ஓட்டை போட்டது, அளவெடுத்தது, எல்லாம் இவ மூளை சார்! நான் ஒரு மண்ணும் செய்யலை. இவளைக் கேளுங்க. பொன்னம்மா, சொல்லேன்!”

இத்தனை நாளும் அந்த வாய் சொல்லாத வார்த்தை, ஸ்டேஷன் முழுக்கக் கேட்கும்படி வந்தது. பொன்னம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இன்ஸ்பெக்டர் தாளைத் திருப்பி வைத்தார். துணி சுற்றிய கையில் பேனாவைச் செருகிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினாள். நேரம் பிடித்தது. அதுவரை உள்ளே அவன் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.

“எத்தனை நாளாகும் சார் திரும்பி வர்றதுக்கு?” என்று கேட்டாள் எழுதி முடித்ததும்.

இன்ஸ்பெக்டருக்கு அவள்மேல் இரக்கம் வந்துவிட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டார். “ஆறு மாசம் போடுவாங்கம்மா. நல்லபடியா நடந்துக்கிட்டா நாலுல விட்டுருவாங்க. அப்புறம் கப்பல் விஷயம்…”

“அவரைக் கேக்கலைங்க,” என்றாள் பொன்னம்மா. “என் சாமானைக் கேட்டேன்.”